38 வயதில் ஸ்கேட்பார்க்: முதல் நாள் போகிறவர்களுக்கு

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் எல்லோரும் அந்தக் கான்கிரீட் பள்ளங்களுக்குப் பக்கத்தில் ஒரு தடவையாவது நின்றிருப்பார்கள். நானும் இரண்டு வருடம் நின்றுகொண்டுதான் இருந்தேன். 38ஆவது பிறந்தநாளுக்கு அடுத்த வாரம் ஸ்கேட்போர்டு பலகை வாங்கினேன். வீட்டில் சிரித்தார்கள், சரி.

எக்ஸ்ட்ரீம் ஸ்கேட்பார்க் என்று பெயர். 2009இல் திறந்தது. 1.4 ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய மூன்றரை ஏக்கர். கட்டணம் கிடையாது. படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, சாய்தளம் என்று தெருவைப் போலவே அமைத்த ஸ்ட்ரீட் பகுதி ஒன்று, கிண்ணங்களை ஒட்டவைத்ததுபோல வளைந்து வளைந்து போகும் காம்பி பௌல் ஒன்று, 3.6 மீட்டர் ஆழத்தில் செங்குத்தாக இறங்கும் வெர்ட் பௌல் ஒன்று. கடைசியாகச் சொன்னதை முதல் நாள் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். நமக்கு வேண்டியது ஸ்ட்ரீட் பகுதியின் ஓரத்தில் உள்ள சமதளமும் சின்ன மேடுகளும் மட்டும்.

முதலில் நேரம்

காலை ஏழு மணி. அப்போதுதான் விடிந்திருக்கும், தரை சூடேறியிருக்காது, ஆளும் குறைவு. பதினொரு மணிக்குமேல் அந்தக் கான்கிரீட்டில் கை ஊன்றி விழுந்து பாருங்கள், தோசைக்கல் நினைவுக்கு வரும். சனி, ஞாயிறு மாலைகள் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களின் நேரம். அப்போது வேடிக்கை பார்க்கப் போகலாம்.

மழை பெய்திருந்தால் போகவே வேண்டாம். ஈரக் கான்கிரீட்டில் யூரித்தேன் சக்கரம் சோப்புக்கட்டிபோல வழுக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடிகாலையில் அடிக்கும் சுமத்ரா சூறைக்காற்று நிறைய காலைகளைக் கெடுத்துவிடும். மேலே காய்ந்திருந்தாலும் கிண்ணத்தின் அடியில், வடிகால் ஓட்டையைச் சுற்றி, தண்ணீர் தேங்கியிருக்கும். கையால் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

என்ன வாங்குவது

பொம்மைக் கடையில் தொங்கும் பலகை வேண்டாம். அதன் சக்கரம் கெட்டி பிளாஸ்டிக், டிரக் (சக்கரங்களைப் பலகையோடு இணைக்கும் உலோக அச்சு) திரும்பாது. தப்பு உங்கள் காலில்தான் என்று நினைத்து நொந்துபோவீர்கள். ஸ்கேட் கடையில் முழுதாகப் பூட்டிய பலகையே கிடைக்கும். அகலம் 8 அல்லது 8.25 அங்குலம். சக்கரம் 54 மில்லிமீட்டர் விட்டம், கெட்டித்தன்மை 99ஏ. வழவழப்பான கான்கிரீட்டுக்கு அதுதான் சரி. 78ஏ போன்ற மென்மையான சக்கரம் நடைபாதைக்கு நன்றாக இருக்கும், பார்க்கில் மந்தமாக இழுக்கும்.

தட்டையான அடிப்பாகம் உள்ள காலணி போடுங்கள். ஓட்டப் பயிற்சிக்கான காலணியின் மெத்தென்ற அடியில் பலகை காலுக்குத் தெரியவே தெரியாது. ஹெல்மெட்டும் முட்டிக்கவசமும் அவசியம். மணிக்கட்டுக் கவசம் போட்டால் பையன்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நான் அதை வாங்காமல் விட்டேன். மூன்றாம் நாள் ஒரு கடலைப்பருப்பு அளவுக் கல் முன்சக்கரத்தில் சிக்கிப் பலகை சட்டென நின்றது, நான் நிற்கவில்லை. வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. மூன்று வாரம் இடது கையால் தட்டச்சு செய்தேன்.

ஏறுவதற்கு முன் அரை மணி நேரம்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, எனக்கு இதுதான் பாடமே. இரண்டு வருடம் வேடிக்கை பார்த்தேன் என்றேன் அல்லவா, அந்த இரண்டு வருடமும் வித்தைகளைத்தான் பார்த்திருக்கிறேன். பாதைகளைப் பார்க்கவில்லை.

முதலில் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் ஓட்டப்போகும் இடத்தை நடந்தே ஒரு சுற்று வாருங்கள். கடற்கரைக்குப் பக்கம் என்பதால் மணல் இருக்கும். காய்ந்த இலை, பாட்டில் மூடி, சிமெண்ட் பெயர்ந்த இடம் எல்லாவற்றையும் காலால் தடவி அறிந்துகொள்ளுங்கள். கல்லைப் பொறுக்கி வெளியே போடுங்கள்.

அப்புறம் ஓரமாக நின்று, ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து அவர் எங்கே தொடங்குகிறார், எந்த மேட்டில் ஏறுகிறார், எங்கே திரும்பி எங்கே முடிக்கிறார் என்று கவனியுங்கள். அடுத்த தடவையும் கிட்டத்தட்ட அதே வழியில்தான் போவார். இப்படி நான்கைந்து பேரைப் பார்த்தால், காலியாகத் தெரிந்த தரைமீது கண்ணுக்குத் தெரியாத சாலைகள் இருப்பது புரியும். அந்தச் சாலைகளின் நடுவில் நின்று தண்ணீர் குடிப்பது, கைப்பேசி பார்ப்பது, காலணி நாடா கட்டுவது எல்லாம் விரைவுச்சாலையில் பாய் விரித்துப் படுப்பதற்குச் சமம்.

வரிசை என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் வரிசை உண்டு. விளிம்பில் பலகையின் வாலை, அதாவது பின்முனையை, வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு நிற்கிறவர் ‘அடுத்தது நான்’ என்கிறார். கிண்ணத்துக்குள் ஒரு நேரத்தில் ஒருவர். இன்னொருவர் முறையில் நடுவே நுழைவதற்கு ‘ஸ்னேக்’ செய்வது என்று பெயர். முதல் வாரம் தெரியாமல் செய்தால் ஒரு முறைப்போடு போய்விடும், தெரிந்தே செய்தால் பேச மாட்டார்கள். பலகை உங்கள் காலைவிட்டுத் தனியாக ஓடினால் ‘போர்டு!’ என்று உரக்கக் கத்துங்கள். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால் யாருடைய கணுக்காலிலாவது போய் இடிக்கும்.

நிற்பதும் தள்ளுவதும்

இடது கால் முன்னால் இருந்தால் ரெகுலர், வலது கால் முன்னால் என்றால் கூஃபி. எது வசதியோ அது. முன்காலின் பாதம் முன் போல்ட்டுகளுக்குச் சற்றுப் பின்னால், விரல்கள் போகும் திசையைப் பார்த்து. அந்த ஒற்றைக் காலில் முழு எடையையும் போட்டுவிட்டுப் பின்காலால் தரையைத் தள்ளுங்கள். பலகை ஓடத் தொடங்கியதும் பின்காலை வாலின் பக்கம் வைத்து, இரண்டு பாதங்களையும் குறுக்காகத் திருப்புங்கள். முட்டி மடங்கியே இருக்கட்டும். என்னைப் பார்த்து, “அங்கிள், கம்பு மாதிரி நிக்காதீங்க, முட்டிய மடக்குங்க” என்றவனுக்குப் பத்து வயது இருக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் பார்க் பிரிவில் வெள்ளி வாங்கிய கொக்கோனா ஹிராக்கிக்கு 12 வயது, வெண்கலம் வாங்கிய ஸ்கை பிரவுனுக்கு 13. ஆகவே பத்து வயதுப் பையன் சொன்னால் கேட்டுக்கொள்வதில் அவமானம் இல்லை.

நிறுத்துவதற்குப் பின்காலை இறக்கிப் பாதத்தை லேசாகத் தரையில் உரசுங்கள். முதல் நாளுக்கு இது போதும்.

விழுவது

விழத்தான் போகிறீர்கள். கையை விறைப்பாக நீட்டி ஊன்றக் கூடாது. மணிக்கட்டு போவது அப்படித்தான். உடம்பைச் சுருட்டித் தோள்பட்டையால் உருண்டுவிட வேண்டும். சாய்தளத்தில் என்றால் இன்னும் எளிது: முட்டிக்கவசத்தின் பிளாஸ்டிக் ஓட்டின்மேல் மண்டியிட்டு அப்படியே சறுக்கி இறங்கலாம். பலகை இல்லாமலேயே சாய்தளத்தில் ஓடிப்போய் மண்டியிட்டு இதைப் பத்து தடவை செய்யுங்கள். பயம் பாதி போய்விடும். பார்ப்பவர்களுக்கு வேண்டுதல் நிறைவேற்றுவதுபோல இருக்கும்.

தூரி ஆடத் தெரிந்தால் போதும்

இரண்டாம் வாரத்துக்கான வேலை இது. கிண்ணத்துக்குள் போகிறவர்கள் தரையில் கால் வைப்பதே இல்லை, ஆனாலும் வேகம் குறைவதில்லை. காரணம் ‘பம்ப்’, அதாவது உடம்பாலேயே உந்துவது.

எங்கள் ஈரோட்டுப் பக்கம் ஆடி பதினெட்டுக்கு மரத்தில் தூரி, அதாவது ஊஞ்சல், கட்டுவார்கள். பலகையில் நின்றபடி ஆடியிருந்தால் உங்களுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். உச்சிக்குப் போனதும் குந்துவோம், கீழே வரும்போது உந்தி நிமிர்வோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உயரம் கூடும். கான்கிரீட்டிலும் அதே கணக்குதான். தரை உள்வாங்கிக் குழிந்திருக்கும் இடத்தில் காலால் அழுத்தி நிமிருங்கள். மேடு வரும்போது முட்டியை மடக்கி, மேட்டைக் காலுக்குள் வாங்கிக்கொள்ளுங்கள். குழிவில் நிமிர்வது, மேட்டில் மடங்குவது, அவ்வளவே. தாளம் தவறினால் வேகம் கூடாமல் குறையும், உடனே தெரிந்துவிடும். முழங்கால் உயரச் சாய்தளத்தில் ஏறி, திரும்பாமல் அப்படியே பின்னோக்கி வழிந்து இறங்கி, மறுபடி ஏறி என்று பழகுங்கள். திரும்ப வேண்டும் என்று தோன்றும்போது வாலை லேசாக மிதித்து முன்சக்கரத்தைத் தூக்கி, பார்க்க வேண்டிய பக்கம் தோளைத் திருப்புங்கள். கால் பின்னாலேயே வரும்.

இந்தக் கிண்ணங்கள் ஏன் நீச்சல்குளம்போல இருக்கின்றன என்று நெடுநாள் யோசித்தேன். உண்மையிலேயே நீச்சல்குளம்தான். 1976, 77 ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. தண்ணீர் இல்லாமல் காலியாகக் கிடந்த வீட்டுக் குளங்களுக்குள் பையன்கள் பலகையோடு இறங்கினார்கள். இப்போது விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கோப்பிங், குளத்தின் கரைக்கல்லின் மிச்சம்.

டிராப்-இன் எப்போது

விளிம்பிலிருந்து பலகையோடு நேராக உள்ளே இறங்குவதுதான் டிராப்-இன். முதல் மாதம் வேண்டாம் என்பது என் கருத்து. யூடியூபில் முதல் நாளே இறங்குகிறார்கள், விழுந்ததை வெட்டியிருப்பார்கள். பம்ப் கைவந்தபிறகு, இரண்டடி உயரத்தில் தொடங்குங்கள். வாலை விளிம்பில் வைத்துப் பின்காலால் அழுத்துங்கள், முன்காலை முன் போல்ட்டுகள்மேல் வையுங்கள். பிறகு உடம்பு முழுவதையும் முன்னால் சாய்த்து, முன்சக்கரம் கான்கிரீட்டில் அடிக்கும்படி மிதியுங்கள். பயத்தில் உடம்பைப் பின்னால் வைத்துக்கொண்டால் பலகை முன்னால் பாயும், நீங்கள் மல்லாக்க விழுவீர்கள். அரை மனதோடு செய்தால் அடிபடும் வேலை இது.

வீட்டுக்கு வந்ததும் சக்கரங்களைத் துணியால் துடைத்து, கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கில் மணல். கடற்காற்றில் அது சீக்கிரம் துருவும்.

எனக்கு இப்போது எட்டு மாதம் ஆகிறது. மூன்றடியில் இறங்குகிறேன். வெர்ட் பௌலை விளிம்புக்கு ஓரடி தள்ளி நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி.