தத்துவத்துக்குத் தேசிய குணம் உண்டா: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

தத்துவத்தில் பிரிட்டிஷார் அனுபவவாதிகள் (அறிவு புலனனுபவத்திலிருந்து வருகிறது என்போர்), பிரெஞ்சுக்காரர் பகுத்தறிவுவாதிகள் (அறிவின் அடிப்படை பகுத்தறிவே என்போர்), ஜெர்மானியர் கருத்துமுதல்வாதிகள் (பொருளைவிட மனமே முதன்மையானது என்போர்) என்ற பிரிவினை மனத்தில் எளிதில் பதியும். அந்தப் பெயர்ப்பலகையையே காரணமாகக் கொள்வதுதான் முதல் தவறு. பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவவாதி டேவிட் ஹியூம் ஏன் அனுபவத்தை அளவுகோலாக வைத்தார் என்ற கேள்விக்கு 'பிரிட்டிஷ் மனப்பாங்கு' என்பது விடையாகாது. ஏனெனில் அப்படியொரு மனப்பாங்கு உண்டென்பதற்கு நாம் காட்டும் சான்றே ஹியூம் போன்றவர்களின் எழுத்துதான். ஸ்காட்லாந்துக்காரரான அவர் தம் முதல் பெருநூலின் பெரும்பகுதியை எழுதியதோ பிரெஞ்சுப் பகுத்தறிவுவாதியான டேக்கார்ட் பயின்ற கல்லூரி இருந்த பிரெஞ்சு ஊரான லா ஃப்ளேஷில். ஆராயாமல் நம்பும் உறக்கத்திலிருந்து தம்மை எழுப்பியவர் ஹியூமே என்று 1783-இல் எழுதியவர் ஜெர்மானியத் தத்துவவாதியான கான்ட்.

இன்று ஆங்கிலோ-அமெரிக்க மரபு எனப்படும் பகுப்பாய்வுத் தத்துவத்தின் (தர்க்கத்தையும் மொழியையும் ஆய்ந்து சிக்கல்களைத் தெளிவாக்கும் முறையின்) வேர்களில் ஒன்று ஜெர்மனியின் யேனா நகரில் கற்பித்த தர்க்கவியலாளர் ஃபிரேகேயிடமும் மற்றொன்று வியன்னாவிலும் இருப்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதற்காக, தத்துவம் எந்த மண்ணையும் தொடாமல் மிதக்கிறது என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறே. 'இவர் ஆசிரியர்' என்னும் தமிழ் வாக்கியம் வினைச்சொல் இல்லாமலே நிறைவடைகிறது. கிரேக்கத்திலோ, 'இவர் ஆசிரியர்' என்பதிலும் 'இவர் இருக்கிறார்' என்பதிலும் ஒரே வினைச்சொல் வரக்கூடும். 'இருத்தல்' பற்றிய கிரேக்க விசாரணை அந்தச் சொல்லைச் சுற்றியே வளர்ந்தது. அரபியில் அதற்கு நேரான சொல் இல்லை என்பதைக் கண்ட இஸ்லாமிய உலகின் தத்துவவாதி அல்-ஃபாராபி, பத்தாம் நூற்றாண்டிலேயே அந்தக் குறையையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். மொழி கேள்விக்கு உருவம் தருகிறது. ஆனால் கேள்வியை அது ஊருக்குள் பூட்டி வைப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

மிகவும் வருந்தத்தக்க தவறு, ஒரு மக்கள் கூட்டம் முழுவதற்கும் ஒரே தத்துவத்தை ஏற்றிச் சொல்வது. பெல்ஜியப் பாதிரியார் பிளாசிட் டெம்பல்ஸ் 1945-இல் வெளிவந்த நூலில், ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளைப் பேசும் மக்களுக்கு இருத்தலும் ஆற்றலும் ஒன்றே என்றார். பாராட்டும் நோக்கில் சொல்லப்பட்டாலும், அது அந்த மக்களிடையே கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை என்பதுபோல் ஆக்கிவிடுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுத் தத்துவவாதி போலின் ஹூன்டோன்ஜி 1970-களில் இதை வன்மையாக மறுத்தார். ஆப்பிரிக்கர்கள் எழுதியவையும், எழுதியவர்களே தத்துவம் என்று முன்வைத்தவையுமான நூல்களின் தொகுதியே ஆப்பிரிக்கத் தத்துவம் என்பது அவருடைய வரையறை. அதில் குணம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.