சென்னை டு லண்டன் எத்தனை மணி நேரம்? கணக்கு சறுக்கும் இடங்கள்

சென்னைக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையே சுமார் 8,230 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும், வகுத்தால் ஒன்பது மணி நேரம், கொஞ்சம் சில்லறை. டிக்கெட்டைப் பார்த்தால் பத்தரை, பதினொன்று என்று வரும். பலரும் முதலில் குழம்புவது இங்கேதான்.

அந்த 8,230 என்பது உலக உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்த தூரம். இழுத்துப் பாருங்கள்: நூல் பாகிஸ்தானின் பலுசிஸ்தான், ஈரான், அஜர்பைஜான், உக்ரைன் மேல் ஓடும். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24இல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. பாகிஸ்தான் 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குக் கதவடைத்தது. விமானம் சுற்றித்தான் போகிறது. போதாததற்கு, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஓடும் ஜெட் காற்று, மேற்கே போகும்போது எதிரே வீசும். குளிர்காலத்தில் இன்னும் பலமாக. அதனால்தான் திரும்பி வரும் பயணம் பெரும்பாலும் சீக்கிரம் முடிகிறது. அந்த 900 என்ற வேகமும் உயரே போன பிறகுதான். கால அட்டவணையோ கேட்டை விட்டு நகர்ந்தது முதல் மறுமுனையில் கேட்டில் நிற்கும் வரை எண்ணுகிறது. ஓடுபாதைக்கு ஊர்வதும் ஹீத்ரோவுக்கு மேலே வட்டமடிப்பதும் அதில் அடக்கம்.

ஆகவே தூரத்தை வைத்து நேரம் கணக்கிடாதீர்கள். டிக்கெட்டை வைத்துக் கணக்கிடுங்கள். ஆனால் அதில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். உதாரணமாக, ஜனவரியில் காலை 5:30க்குப் புறப்பட்டு 11:30க்குச் சேர்கிறது என்றால் ஆறு மணி நேரம் அல்ல. லண்டன் 11:30 நமக்கு மாலை 5 மணி. பயணம் பதினொன்றரை மணி நேரம். அதே நேரங்கள் ஜூலை டிக்கெட்டில் இருந்தால் பத்தரை. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். வித்தியாசம் ஐந்தரையிலிருந்து நாலரையாகச் சுருங்கும்.

இதைவிட மோசமான தவறு தேதியில் நடக்கும். "ஞாயிறு 00:45" என்றால் சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். ஞாயிறு இரவு பெட்டியோடு வந்து நிற்பவர்களுக்கு விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 இருந்தால் அது மறுநாள். அழைத்துப் போக வருகிறவருக்குத் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மைல் கணக்கிலும் ஒரு பள்ளம் உண்டு. விமானத் துறையில் மைல் என்றால் கடல் மைல், 1.852 கி.மீ. இந்தத் தூரம் அதில் சுமார் 4,445. அதைச் சாதாரண மைலாக எண்ணி 1.609ஆல் பெருக்கினால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் காணாமல் போகும்.

நடுவில் விமானம் மாறிப் போனால் தூரம் எகிறிவிடும் என்பதும் எப்போதும் சரியில்லை. துபாய் வழியே மொத்தம் சுமார் 8,400 கி.மீ.தான், நேரத்தைத் தின்பது துபாயில் காத்திருப்பது. சிங்கப்பூர் வழி வேறு கதை: 13,700 கி.மீ.யைத் தாண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று அதை எடுக்கும் முன் மொத்தப் பயண நேரத்தைப் பாருங்கள். இன்னொன்று: "டைரக்ட்" என்றால் நடுவில் இறங்காது என்று அர்த்தமில்லை. ஒரே விமான எண்ணோடு வழியில் ஓர் ஊரில் நின்று போவதையும் அப்படித்தான் சொல்வார்கள். தேட வேண்டிய சொல் "நான்-ஸ்டாப்".