மலைநாட்டு ஈரத்தில் மொடல் கார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொடல் கார் கிட் பெட்டிக்குள் வரும் விளக்கத் தாளில் எந்தப் பாகத்தை எதோடு ஒட்டுவது, எங்கே என்ன நிறம் அடிப்பது என்பதெல்லாம் இருக்கும். வெளியே மூடுபனி இறங்கி நிற்கும்போது என்ன செய்வது என்று மட்டும் ஒரு வரி இருக்காது. நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்களுக்குக் கைத்திறன் போதாமல் வேலை கெடுவது அபூர்வம். காற்றிலுள்ள ஈரமும், ஹார்ட்வெயார் கடைத் தின்னரும், அவசரமும் சேர்ந்துதான் பெரும்பாலும் கெடுக்கின்றன. அதனால் ஒட்டும் வேலையைப் பிறகு பார்ப்போம். பெயின்டிலிருந்தே தொடங்குகிறேன்.

தலவாக்கலைத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, ராத்திரி அடிக்கும்போது கறுப்பு பளபளன்னு இருந்துச்சு. காலையில பார்த்தா சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துப் போயிருக்கு. பெயின்ட் போலியா?" போலி இல்லை. லேக்கர் என்பது சட்டென்று காயும் வகைப் பெயின்ட்; அதில் இருக்கும் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது தான் இருக்கும் பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் படிந்து, காயும் பெயின்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதுதான் அந்த வெள்ளைப் பூப்பு. கறுப்பிலும் கடும் நீலத்திலும் பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காரில் தெரியாது, ஆனால் மினுக்கம் செத்துப்போயிருக்கும்.

பூத்துவிட்டது என்று உடனே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க வேண்டாம். வெயிலடிக்கும் ஒரு நாள் வரை காத்திருங்கள். மெதுவாக ஆவியாகும் வகைத் தின்னரை, மொடல் பெயின்ட் கம்பனிகள் லெவலிங் தின்னர் என்று விற்பதை, ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்டைத் தெளிக்கும் சிறு கருவி) வழியே மிக மெல்லிய தூறலாகப் பிடித்தால் மேல்பரப்பு சற்று இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, நிறம் திரும்பிவிடும். பெரும்பாலான கார்கள் இப்படியே பிழைத்துக்கொள்ளும். ஈரமான இன்னொரு நாளில் மேலே இன்னொரு கோட் அடித்து மறைக்கப் பார்ப்பதுதான் பெரிய தவறு.

எப்போது அடிப்பது? சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி வேலை மேசையில் வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தாராளமாக அடிக்கலாம். 80ஐத் தாண்டினால் ஸ்ப்ரே கேனைத் தொடவே வேண்டாம். மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஹட்டன், தலவாக்கலை, டிக்கோயா உள்ள மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே நல்ல உலர்ந்த காலம் ஜனவரியிலிருந்து மார்ச். ஊவாப் பக்கம், அதாவது பண்டாரவளை, அப்புத்தளை, பதுளையில், கணக்கு தலைகீழ்: ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும், ஆண்டின் கடைசியில் வடகீழ்ப் பருவமழை கொட்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்தந்தப் பக்கத்தில் உயர்தரத் தேயிலைக்குப் பேர்போன மாதங்கள் எவையோ, அவைதான் பெயின்ட் அடிக்கவும் உகந்த மாதங்கள். கொழுந்துக்கு மணம் ஏற்றுகிற அதே வறண்ட காற்றுதான் லேக்கருக்கும் வேண்டும்.

மார்ச், ஏப்ரலில் காலை தெளிவாக இருந்து பிற்பகலில் இடியோடு மழை வரும். நுவரெலியாவின் ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு உடனே ஒரு மினி கூப்பரைக் கட்ட வேண்டும் என்று கை பரபரக்கும். கட்டுங்கள், ஆனால் பெயின்ட் வேலையை முற்பகலோடு முடியுங்கள். உலர்ந்த மாதங்களிலும் இரவு உகந்ததல்ல. ஜனவரி இரவில் நுவரெலியாப் புல்வெளியில் உறைபனி விழும் அளவுக்குக் குளிரும். காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை உள்ள நேரமே பாதுகாப்பானது.

குளிர் இன்னொரு விதத்திலும் கெடுக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கே சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். குளிர்ந்த கேனுக்குள் அழுத்தம் குறைவதால் பெயின்ட் தூறலாக வராமல் துப்பும். கேனைக் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தினால் போதும். அடுப்பில் வைப்பதோ கொதிநீரில் போடுவதோ உயிருக்கே ஆபத்து, கேன் வெடிக்கும். அதோடு, குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு அடிக்காதீர்கள். துணி மாஸ்க் தூசைத்தான் தடுக்கும். கரைப்பான் ஆவிக்குக் கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். லயத்து வீடுகளில் அடுப்பும் இருக்கும் இடமும் பக்கத்துப் பக்கத்தில். விறகு எரிந்தாலும் சரி, கேஸ் எரிந்தாலும் சரி, அந்த ஆவி தீப்பிடிக்கும். வாசல் திண்ணைக்குக் கொண்டுபோங்கள், காற்றுக்கு ஒரு அட்டைப் பெட்டியைத் தடுப்பாக வையுங்கள். இந்த ஒன்றில் விட்டுக்கொடுப்பே கூடாது.

அடித்த பிறகு காய வைப்பதிலும் பொறுமை தேவை. ஹேர் டிரையரை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய பிளாஸ்டிக் முறுக்கிக்கொள்ளும். தேயிலை ஸ்டோரில் கொழுந்தை வாட்டுகிற மாதிரி, மிதமான காற்றும் நேரமுந்தான் வேலை செய்ய வேண்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பக்கத்தில் சில துளைகள் போட்டு, பழைய வகை 40 வாட் குண்டு பல்பை ஓரத்தில், டப்பாவிலும் காரிலும் படாமல், எரிய விட்டால் நல்ல உலர்பெட்டி தயார். உள்ளே 40 பாகையைத் தாண்டாமல் பாருங்கள். மெதுவாகக் காயும் எனாமல் பெயின்ட் என்றால் அதிலும் சில நாள் இருக்கட்டும்.

அடுத்தது தின்னர். தீப்பற்றும் திரவங்களைச் சர்வதேசத் தபாலில் அனுப்ப முடியாது என்பதால் வெளிநாட்டு மொடல் பெயின்ட் இங்கே எளிதாக வராது. அதனால் பலர் வாகனங்களுக்கு அடிக்கும் பெயின்டையும் தின்னரையும் வாங்குகிறார்கள். அதில் தவறில்லை, நிறமும் அருமையாக வரும். ஆனால் அது தகரத்துக்காகச் செய்யப்பட்டது. கிட்டில் இருப்பது பொலிஸ்டைரீன். தின்னரிலுள்ள அசிட்டோன், டொலுயீன் போன்றவை அதைக் கரைக்கும். வெறும் பிளாஸ்டிக்கில் ஈரமாக அடித்தால் பரப்பெல்லாம் சிலந்திவலை மாதிரி நுண்ணிய வெடிப்பு விழும். முதலில் மொடலுக்குரிய பிரைமர் என்னும் அடிப்பூச்சு, அதன்மேல் காய்ந்த தூறலாக இரண்டு மூன்று மெல்லிய கோட், அப்புறந்தான் ஈரமான கோட். பாகங்களை வெட்டிய பிறகு மிஞ்சும் ஸ்ப்ரூச் சட்டத்தை எறியாதீர்கள். அதுவும் அதே பிளாஸ்டிக். எந்தப் புதுப் பெயின்டையும் முதலில் அதில் அடித்துப் பாருங்கள்.

எனாமலுக்கு மேல் லேக்கர் அடிப்பது இன்னொரு பழைய வினை. கீழே உள்ள எனாமல் சுருங்கி மடிப்பு மடிப்பாகிவிடும். லேக்கருக்கு மேல் எனாமல் போகலாம், மறுபக்கம் போகக் கூடாது. சிவப்புக்கு மேல் வெள்ளை அடித்தால் சிவப்பு ஊறி மேலே வந்து ரோஸ் நிறமாகும். இடையில் வெள்ளி நிறம் ஒரு கோட் கொடுத்தால் பெரும்பாலும் நிற்கும்.

கோட் எத்தனை என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1/24 அளவுக் காரில் பெயின்ட் 0.1 மில்லிமீற்றர் தடித்தால், நிஜக் காரில் அது 2.4 மில்லிமீற்றர் தடிப்பு. கதவு இடுக்குகள் மூடிப்போய் பொம்மைக் களை வந்துவிடும். அடிக்கும் முன்பே கதவு, பொனட் கோடுகளைக் கூரிய ஊசியாலோ கத்தியின் முதுகாலோ சற்று ஆழப்படுத்திக்கொள்ளுங்கள்.

கட்டும் வேலைக்கு வருவோம். பாகங்களைக் கழுவாமல் தொடங்குவது பொதுவான தவறு. அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய் அவற்றில் ஒட்டியிருக்கும், பெயின்ட் பிடிக்காது. பாத்திரம் கழுவும் திரவம், வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல் தூரிகை போதும். இங்கே ஓர் இரவு முழுக்கக் காய விடுங்கள், மூலைகளில் தண்ணீர் தங்கும்.

பாகங்களைக் கையால் முறுக்கிப் பிய்ப்பதை அடியோடு நிறுத்துங்கள். முன்கண்ணாடிக்கு இருபக்கமும் உள்ள தூண்களைப் பாருங்கள். தீக்குச்சியை விட மெல்லியவை, கூரையைத் தாங்குபவையும் அவைதான். பல கிட்களில் ஸ்ப்ரூ அந்தத் தூணின் அருகிலேயே ஒட்டியிருக்கும். ஒரே வெட்டில் நெருக்கி வெட்டினால் அந்த அதிர்விலேயே தூண் வெளுத்து விரிசல் விடும். முதலில் தள்ளி ஒரு வெட்டு, மிஞ்சிய குச்சியை இரண்டாவது வெட்டில் எடுத்து, கடைசிப் பொட்டை உப்புத்தாளால் தேய்த்து இறக்குங்கள். அதே தூண்களில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு மெல்லிய முடி போல ஓடும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அதை விட்டுவிட்டால் பளபளப்பான பெயின்ட் அதை ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

கண்ணாடியாக வரும் தெளிந்த பிளாஸ்டிக் பாகத்தை சுப்பர் குளூவால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும், ஈரக்காற்றில் இன்னும் மோசம். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை நிதானமாகக் காயும், தெளிவாகவும் இருக்கும். குரோம் முலாம் பூசிய பாகங்களில் ஒட்டும் இடத்து முலாமைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் பிளாஸ்டிக் சிமென்ட் முலாமில் பிடிக்காது.

பழைய மொடலைப் புதுப்பிப்பது தனி வேலை, என் மனதுக்கு அதுவே நெருக்கமானது. வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்தது, பங்களாச் சாமான்களோடு ஏலத்தில் வந்தது என்று இங்கே கிடைப்பவை பெரும்பாலும் யாரோ ஒருவர் ஆசையோடு கட்டியவை. முதல் தவறு, எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக்க வேண்டும் என்று நினைப்பது. தூசியைத் தட்டி, விழுந்த கதவை ஒட்டினாலே போதுமான கார்கள் நிறைய. ஒரு சிறுவன் கையால் பூசிய சிவப்பை நான் அழிக்க மாட்டேன்.

கழற்றத்தான் வேண்டும் என்றால் இழுக்காதீர்கள். காரைப் பையில் கட்டி ஃபிரீசரில் சில மணி நேரம் வைத்தால் பழைய பசை நொறுங்கும் தன்மைக்கு வரும். மெல்லிய கத்தி நுனியை இணைப்பில் நுழைத்து மெதுவாகத் திருப்பினால் பல இணைப்புகள் விட்டுவிடும். பழைய பெயின்டை எடுக்க பெற்றோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக்கே போய்விடும். அக்ரிலிக் வகைப் பெயின்ட் என்றால் ஐசோப்ரொபைல் அல்கஹோலில் ஊற வைத்துத் தூரிகையால் தேய்த்தால் கழன்றுவிடும். கண்ணாடிப் பாகங்களை மட்டும் அதில் போட வேண்டாம். மஞ்சளடித்த பழைய டீக்கல் தாளை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள் உள்ள தாள்) பொலித்தீன் உறையிலிட்டு வெயில் படும் ஜன்னலில் ஒட்டி வைத்தால் சில நாட்களில் வெளுக்கும். ஆனால் அதை அப்படியே தண்ணீரில் போட்டால் சுக்குநூறாகும். முதலில் தெளிவான வார்னிஷ் ஒரு கோட் கொடுங்கள்.

நம் ஊர்க் காராகக் கட்டுகிறவர்கள் ஸ்டியரிங்கைக் கவனியுங்கள். அமெரிக்க கிட்களில் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங்தான் வரும். சில ஜப்பானிய கிட்களில் இரண்டு டாஷ்போர்டும் இருக்கும், பெட்டிப் படத்தைப் பார்த்து இடப்பக்கத்தை ஒட்டிவிடாதீர்கள். இலக்கத் தகடும் காலத்தோடு பொருந்த வேண்டும். 'ஸ்ரீ' எழுத்துத் தகடு வந்தது 1950களின் பிற்பகுதியில். அதற்கு முந்தைய காட்சிக்கு அது பொருந்தாது.

தோட்டத்துத் துரைமார் ஓட்டிய லேண்ட்ரோவரைக் கட்டுகிறவர்கள் எல்லோரும் அதில் சிவப்புத் துரு பூசுகிறார்கள். லேண்ட்ரோவரின் கதவுகளும் மட்காட்டும் அலுமினியக் கலவை. அவை சிவப்பாகத் துருப்பிடிக்காது. பெயின்ட் உரிந்த இடம் மங்கிய சாம்பல் உலோகமாகத்தான் தெரியும். துரு சேசியிலும் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள இரும்புச் சுவரிலும் வரும். சேறும் அப்படித்தான், வண்டி முழுக்க ஒரே அளவில் படியாது. டயருக்குப் பின்னால் விசிறியடித்து, கதவின் கீழ்ப்பாதியில் மெலிந்து, வைப்பர் ஓடிய அரைவட்டத்தில் இல்லாமல் போகும். ஹட்டன் பஸ் நிலையத்தில் தோட்ட வண்டி ஒன்று நின்றால் ஐந்து நிமிடம் சுற்றிப் பாருங்கள்.

முடித்த காரை வைப்பதிலும் கவனம் வேண்டும். பழைய வினைல் டயர்களிலிருந்து கசியும் மென்மையூட்டி தான் தொடும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், கிட் பெட்டிக்குள்ளும் டயரைக் கண்ணாடிப் பாகத்தோடு சேர்த்து வைக்காதீர்கள், தனி உறையில் போடுங்கள். அட்டைப் பெட்டி ஈரத்தை உறிஞ்சும், டீக்கலில் பூஞ்சை பிடிக்கும். இறுக்க மூடும் டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் நல்லது. ஜெல் ஈரம் குடித்துவிட்டால் உலர்பெட்டியின் சூடு போதாது; மணிகளைப் பொட்டலத்திலிருந்து எடுத்து, அவனில் 120 பாகை அளவுச் சூட்டில் சில மணி நேரம் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். கொழும்புக்குக் கொண்டுபோகும்போது வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். நம் குளிரில் அசையாமல் நின்ற கூரை அந்தச் சூட்டில் வளைந்துவிடும்.