தீயணைப்புத் துறையின் இடர்த் திட்டத்தை வாசித்து, நம் தெருவுக்காக எழுதுவது எப்படி?

இங்கிலாந்தில் ஒவ்வொரு தீயணைப்புத் துறையும் தன் பகுதியில் என்னென்ன ஆபத்து உண்டு, அதற்கு எத்தனை வண்டி, எந்த நிலையத்தில், என்ன தடுப்பு வேலை என்று எழுதி வெளியிட்டே ஆகவேண்டும். சமூக இடர் மேலாண்மைத் திட்டம் என்று பெயர், சுருக்கமாக சிஆர்எம்பி. குறைந்தது மூன்று வருடங்களுக்காவது போட வேண்டும், முடிவு செய்யும் முன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று தேசிய நெறிமுறை சொல்கிறது. லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ என்று நம் ஆட்கள் இவ்வளவு பேர் இருக்கிறோம், ஆனால் கருத்துக் கேட்கும்போது எழுதுகிறவர்கள் என் வட்டத்தில் அநேகமாக யாரும் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு. உதாரணத்துக்கு லண்டனை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், சரியான கோப்பை எடுங்கள்

இப்போது நடப்பில் இருப்பது 2023 முதல் 2029 வரைக்கான ‘யுவர் லண்டன் ஃபயர் பிரிகேட்’ என்ற திட்டம். படங்களும் வாக்குறுதிகளுமாக இருக்கும், ஒருமுறை புரட்டினால் போதும். உண்மையான சரக்கு ‘அசெஸ்மென்ட் ஆஃப் ரிஸ்க்’ என்ற தனி ஆவணத்தில் இருக்கிறது. போனில் படிக்காதீர்கள், லேப்டாப்பில் திறந்து உங்கள் பரோவின் (உங்கள் கவுன்சில் நிர்வகிக்கும் பகுதியின்) பெயரைத் தேடிக்கொண்டே போங்கள்.

‘இடர்’ என்று எதைச் சொல்கிறார்கள்

எவ்வளவு அடிக்கடி நடக்கும், நடந்தால் எவ்வளவு பாதிக்கும், இரண்டையும் சேர்த்ததுதான் இடர். குப்பைத்தொட்டி அடிக்கடி எரியும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் பிடித்த தீ மாதிரி ஒன்று அபூர்வம், ஆனால் 2017 ஜூன் 14 அன்று அங்கே 72 உயிர்கள் போயின. வீட்டுத் தீயிலும் இதே கதைதான். தற்செயலான வீட்டுத் தீ அதிகம் தொடங்குவது சமையலில், ஆனால் உயிர் அதிகம் போவது அணைக்காத சிகரெட்டு போன்ற புகைப்பொருட்களால் வரும் தீயில். எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டால் சமையலறைக்கு எல்லாக் கவனமும் போய், தனியாகப் படுக்கையில் கிடக்கும் முதியவர் விடுபட்டுப்போவார்.

முன்பு இப்படி இல்லை. இரண்டாயிரங்களின் தொடக்கம் வரை கட்டடங்களை வைத்துத்தான் கணக்கு: நெருக்கமான நகர மையம் என்றால் ஐந்து நிமிடத்தில் இரண்டு வண்டி, கிராமப்புறம் என்றால் இருபது நிமிடத்தில் ஒன்று. ஆனால் மக்கள் சாவது பெரும்பாலும் வீடுகளில். தீயணைப்புத் துறையை ஆராய்ந்து 2002இல் வந்த பெய்ன் அறிக்கைக்குப் பிறகுதான், அந்தந்த ஊர் தன் மக்களைப் பார்த்துத் திட்டமிடட்டும் என்று மாற்றினார்கள்.

வண்டி வரும் நேரம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

நான் அதிக நேரம் சிக்கி நின்ற இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். லண்டனின் இலக்கு, முதல் வண்டி சராசரியாக 6 நிமிடத்துக்குள், இரண்டாவது 8 நிமிடத்துக்குள். படித்ததும் நிம்மதியாக இருக்கும். ஆனால் மூன்று கேள்வி கேட்டே ஆகவேண்டும்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? லண்டனில், நிலையத்துக்கு உத்தரவு போன நொடியிலிருந்து. நீங்கள் 999 அழைத்து, முகவரி சொல்லி, அவர்கள் அதைப் பதிந்துகொள்ளும் நேரம் இதில் சேராது. அரசு வெளியிடும் தேசியப் புள்ளிவிவரமோ அழைப்பிலிருந்தே கணக்கெடுக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ‘லண்டன் எவ்வளவு வேகம்’ என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

கடிகாரம் எங்கே நிற்கிறது? வண்டி வாசலுக்கு வந்ததும். பதினான்காவது மாடிக்கு ஏறுகிற நேரம் தனி.

யாருடைய சராசரி? பாதிப் பேருக்கு 4 நிமிடம், பாதிப் பேருக்கு 8 நிமிடம் என்றாலும் சராசரி 6தான். முழு லண்டனின் சராசரி உங்கள் வார்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதனால்தான் பத்து நிமிடத்துக்குள் 90 சதவீதம் என்ற இன்னொரு இலக்கும் வைத்திருக்கிறார்கள், நான் எப்போதும் அதைத்தான் பார்ப்பேன்.

உங்கள் வார்டின் கணக்கை நீங்களே எடுக்கலாம். லண்டன் டேட்டாஸ்டோர் தளத்தில் 2009 முதல் நடந்த ஒவ்வொரு சம்பவமும் ஒரு வரியாகக் கிடைக்கிறது. அதைத் திறக்க லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருள் போதும், இலவசம். கூகுள் ஷீட்ஸ் வேண்டாம், இவ்வளவு பெரிய கோப்பை அது தாங்காது. திறந்ததும் பரோ, வார்டு பத்திகளை வடிகட்டுங்கள், சம்பவ வகையில் ‘ஃபால்ஸ் அலாரம்’ எல்லாவற்றையும் நீக்குங்கள். அப்புறம் ‘ஃபர்ஸ்ட் பம்ப்’ (முதல் வண்டி) வந்த நேரத்துக்கான பத்திக்குப் போங்கள். அது நொடிக் கணக்கில் இருக்கும்: 360 என்றால் ஆறு நிமிடம், 600 என்றால் பத்து. காலியாக இருக்கும் கட்டங்களில் பூஜ்யம் போட்டுவிடாதீர்கள், சராசரி பொய்யாக இறங்கிவிடும், அந்த வரிகளை விட்டுவிடுங்கள். கடைசியில் பெர்சென்டைல் சூத்திரத்தில் 0.9 கொடுத்தால், பத்தில் ஒன்பது முறை வண்டி எத்தனை நொடிக்குள் வந்தது என்று வரும், அதுதான் உங்கள் வார்டின் உண்மை நிலவரம். சின்ன வார்டு என்றால் ஒரு வருடக் கணக்கை மட்டும் நம்பாமல் சில வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

இனி எழுதுவது

‘எங்கள் நிலையத்தை மூடாதீர்கள்’ என்று மட்டும் எழுதினால் அது ஒரு எண்ணிக்கையாகப் போய்ச் சேரும். அவர்களிடம் இல்லாத தகவலைக் கொடுங்கள். கிரென்ஃபெல்லுக்குப் பின் வந்த விதிகளின்படி, 2023 ஜனவரியிலிருந்து குறைந்தது 18 மீட்டர் அல்லது ஏழு தளம் உயரமுள்ள குடியிருப்புகளின் தள வரைபடம் தீயணைப்புத் துறைக்குப் போயாக வேண்டும். நம்மில் நிறையப் பேர் வாடகைக்கு இருப்பது அங்கே இல்லை. கீழே மளிகைக்கடை, பக்கத்தில் ஒரு ஒடுக்கமான கதவு, அதைத் திறந்தால் நேரே படிக்கட்டு, மேலே அறைக்கு ஒருவராகவோ இருவராகவோ மாணவர்கள், படிக்கட்டின் அடியில் டெலிவரி வேலைக்குப் போகும் மின்சைக்கிள் இரவு முழுக்க சார்ஜில். அந்த லித்தியம் பேட்டரி வெடித்தால் வெளியே வர இருக்கும் ஒரே வழியும் அடைந்துபோகும். பேட்டரித் தீக்காகவே லண்டன் தீயணைப்புத் துறை 2023இல் தனிப் பிரசாரம் தொடங்கியது. ஆனால் எந்தத் தெருவில், எந்த மாதிரிக் கட்டடத்தில், எந்த மொழி பேசுகிறவர்கள் இப்படி வாழ்கிறார்கள் என்று அங்கே இருக்கிற நாம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். தெருப்பெயர், கட்டட வகை, என்ன தேவை (தமிழில் துண்டறிக்கையா, கடைக்காரர்களோடு ஒரு கூட்டமா) என்று மூன்றும் இருக்கட்டும். ஆட்களின் பெயர் வேண்டாம், வாடகைக்காரர் யாரும் வீட்டை இழக்கக்கூடாது.

கருத்துக் கேட்கும் காலத்தில் கொடுத்தால் அவர்கள் அதை மனம்வைத்துப் பரிசீலித்தே ஆகவேண்டும், 1985இல் பிரென்ட் கவுன்சிலுக்கு எதிரான கன்னிங் வழக்கிலிருந்து வந்த கொள்கை அது.

பிற்சேர்க்கை

லண்டனுக்கு வெளியே இருக்கும் சிலர், தங்கள் ஊரில் நேரங்கள் ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்டிருந்தார்கள். பல நிலையங்களில் முழுநேர ஆட்கள் கிடையாது. பேஜர் அடித்ததும் வேலையிலிருந்தோ வீட்டிலிருந்தோ ஓடிவரும் ‘ஆன்-கால்’ வீரர்கள்தான். அதனால் நிலையம் இருக்கிறதா என்று பார்க்காமல், பகல் வேளையில் எத்தனை சதவீத நேரம் அந்த வண்டிக்கு ஆள் இருக்கிறது என்று திட்டத்தில் தேடுங்கள். அந்த எண் இல்லையென்றால் அதையே உங்கள் முதல் கேள்வியாக எழுதி அனுப்புங்கள்.

இன்னொருவர் கருத்துக் கேட்கும் காலம் முடிந்துவிட்டதே என்றார். பரவாயில்லை, உங்கள் கவுன்சிலருக்கும் லண்டன் அசெம்பிளி உறுப்பினருக்கும் அதே கடிதத்தை அனுப்பலாம். படிக்கட்டு அடியில் சைக்கிள் இருக்கும் வீட்டில் நீங்களே இருக்கிறீர்கள் என்றால் அதற்கெல்லாம் காத்திருக்காமல் இன்றைக்கே பிரிகேட் தளத்தில் வீட்டுப் பாதுகாப்புச் சோதனையை நிரப்புங்கள். ஆபத்து அதிகம் என்று பட்டால் நேரில் வருவார்கள், காசு கிடையாது.