சுற்றுவட்டத்தில் சிக்னல் போடும்போது விடும் பிழைகள்

திருகோணமலைக்குள் வாகனம் ஓட்டுபவர்களில் பலர், சுற்றுவட்டத்தை நேரே கடக்க நான்கு சிக்னல் லைட்டையும் ஒன்றாக எரியவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான பழக்கம் வேறில்லை. இடப்பக்க வீதியில் காத்து நிற்கும் மோட்டார் சைக்கிள்காரருக்குப் பெரும்பாலும் உங்கள் இடது லைட் மட்டும்தான் தெரியும். நீங்கள் வெளியேறப் போகிறீர்கள் என்று நம்பி அவர் உள்ளே வந்துவிடுவார். இப்படி நான்கும் ஒன்றாக மின்னும் ஹசாட் லைட் பழுதாகி நிற்கும் வாகனத்துக்கு உரியது.

நேரே போக வேண்டுமென்றால், நுழையும்போது சிக்னலே தேவையில்லை. நாற்சந்தியில் இடப்பக்கம் முதலாவது வீதி, நேரே இரண்டாவது, வலப்பக்கம் மூன்றாவது. முதலாவது வீதியின் வாயைத் தாண்டியதும் இடது சிக்னலைப் போட்டு வெளியேறுங்கள். தாண்டுமுன் போட்டால், அந்த வீதியில் நிற்பவர் நீங்கள் அங்கே திரும்புவதாக நினைத்து வண்டியை எடுத்துவிடுவார்.

வலப்பக்கம் போக, ஏறக்குறைய 30 மீற்றருக்கு முன்பே வலது சிக்னல் போட்டு, வட்டத்தை ஒட்டியே வாருங்கள். இரண்டாவது வீதியைத் தாண்டியதும் இடதுக்கு மாற்றுங்கள். வந்த வழியே திரும்புபவர் மூன்றாவதைத் தாண்டிய பிறகு மாற்ற வேண்டும். இடப்பக்கம் போக, தொடக்கம் முதல் வெளியேறும்வரை இடது சிக்னல்தான். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 8 மீற்றருக்கு மேல் ஓடிவிடுவோம். வட்டத்தின் வாய்க்கு வந்து போடும் சிக்னலைப் பார்த்து முடிவெடுக்க எவருக்கும் நேரமிராது.

காரில் வலது சிக்னலைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. நுழையும்போது ஸ்டியரிங்கைச் சற்று இடப்பக்கம் ஒடிக்கிறோம் அல்லவா, அப்போது சிக்னல் தானாக அணைந்துவிடும். டக் டக் சத்தம் நின்றால் உடனே மறுபடி போடுங்கள். மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் பெரும்பாலும் நேர்மாறு: அது தானாக அணையாது. வட்டத்தைத் தாண்டி நெடுந்தூரம் இடது லைட் மின்னிக்கொண்டே போனால், அடுத்த ஒழுங்கையில் நிற்பவர் அதை நம்பி வெளியே வருவார்.

பிறர் போடும் சிக்னலையும் முழுதாக நம்பாதீர்கள். வட்டத்துக்குள் வலப்பக்கமிருந்து வரும் வாகனத்துக்கே முதலிடம். அதன் முன்சில்லு உண்மையாகவே வெளிப்பக்கம் திரும்புகிறதா என்று பார்த்த பிறகு நுழையுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வாடகை ஸ்கூட்டரில் வரும் வெளிநாட்டவர்களில் பலர் வீதியின் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். அவர்களுக்குக் கூடுதலாக இடம் விடுங்கள்.

சிக்னல் வழமையைவிட வேகமாக மின்னினால், அந்தப் பக்கத்து பல்ப் ஒன்று போயிருக்கக் கூடும். கடற்காற்றுப் படும் ஊரில் பல்ப் நல்லதாக இருந்தும் ஹோல்டரில் பச்சை பிடித்து எரியாமல் போகும். பல்பைக் கழற்றி, உள்ளிருக்கும் தகட்டை மெல்லிய அரத்தாளால் தேய்த்துவிட்டுப் போட்டாலே பல வேளைகளில் சரியாகிவிடும்.