உருவப்படம் வரைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் நாங்கள் படித்த காலத்துத் தவறுகளை ஒன்று விடாமல் திரும்பச் செய்கிறார்கள். கண்ணை மேலே ஏற்றி வைப்பது, காதைச் சின்னதாக்குவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. படத்தைக் கண்ணாடியில் காட்டினால் அதெல்லாம் தெரிந்துவிடும்.

சிரிக்கச் சொல்லி உட்கார வைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு மாணவி தன் அத்தையை ஆயில் பெயின்ட்டில் வரைந்தாள். "அத்தை, கொஞ்சம் சிரிங்க, அப்படியே இருங்க" என்றாள். சில நொடிகளில் சிரிப்பு போய்விட்டது. உதட்டோரம் மட்டும் இழுத்தபடி நின்றது, கீழ் இமை தொய்ந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. அவளும் அதை அப்படியே வரைந்தாள். அளவெல்லாம் சரி, ஜாடையும் வந்திருந்தது. அத்தையோ, "பல்வலி வந்த மாதிரி இருக்கேம்மா" என்றார். ஒரு பெரிய கேன்வாஸும் பல நாள் உழைப்பும் வீண்.

பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் போட்டோ எடுத்து 1862-ல் வெளியிட்டார். உதட்டோரத்தை இழுக்கும் தசை நம் சொல்பேச்சு கேட்கும். கண்ணைச் சுற்றியுள்ள தசை, உள்ளே மகிழ்ச்சி இருந்தால்தான் சிரிப்பில் சேரும் என்றார் அவர். நினைத்தால் அதையும் அசைக்கக்கூடியவர்கள் உண்டு என்று பின்னால் தெரியவந்தது. ஆனால் கேன்வாஸுக்கு முன்னால் நெடுநேரம் யாராலும் அப்படி இருக்க முடியாது. படம் பார்க்கிறவர் துஷேனைப் படித்திருக்க வேண்டியதில்லை, கண்ணும் வாயும் ஒட்டவில்லை என்பது அவருக்குப் பட்டுவிடும்.

சரி, என்ன செய்வது? பேச்சுக் கொடுங்கள். ஆஸ்திரிய ஓவியர் கொகோஷ்கா, எதிரே இருப்பவரை நடமாடவும் பேசவும் விட்டே வரைந்தார். மனநல மருத்துவர் ஃபோரெலை 1910-ல் அவர் வரைந்த படத்தில் முறுக்கிய கைகளைப் பாருங்கள். போஸ் கொடுத்து வருகிற கைகள் இல்லை அவை. ஃபோரெல் அந்தப் படத்தை வாங்க மறுத்தார். இன்று அது ஜெர்மனியில் மன்ஹைம் நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

பேசுகிறவர் ஒரு வாக்கியம் முடித்து அடுத்ததை யோசிக்கும்போது முகம் எங்கே வந்து நிற்கிறது என்று கவனியுங்கள். வரைய வேண்டியது அதைத்தான். மாணவி பிரஷ் கழுவப் போனபோது அந்த அத்தை தன் முதல் சம்பளத்தைப் பற்றி என்னிடம் சொன்னார். சொல்லச் சொல்ல இடது புருவம் லேசாக ஏறி நின்றது. அவருடைய முகம் அது. அப்புறம் அதை வைத்து மாணவியைப் புதிதாக வரையச் சொன்னேன்.

குணத்தை முன்கூட்டியே முடிவு செய்வது

போலீஸ்காரர் என்றதும் படத்தில் அவர் புருவத்தை நெரித்து வரைந்துவிடாதீர்கள்.

கையை விட்டுவிடுவது

முகத்தை அடக்கத் தெரிந்தவருக்கும் விரல் அடங்காது. முதல் ஸ்கெட்ச்சிலேயே கையைச் சேருங்கள்.

ஒரே போட்டோவை நம்புவது

இறந்தவர் படம் என்றால் போட்டோவை விட்டால் வேறு வழியில்லை. அப்போதும் நாலைந்து போட்டோ கேட்டு வாங்குங்கள். கோபம் வந்தால் அவர் கத்துவாரா, வாயை மூடிக்கொள்வாரா என்று வீட்டாரிடம் விசாரியுங்கள். தாடையை எப்படி வரைவது என்பது அதிலிருந்து பிடிபடும்.