மாட்யூல் கட்டடத்தின் கூரை இணைப்பு: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

சமீபத்தில் ஒரு புதுக் குழு வேலை செய்வதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்த இரண்டு மாட்யூல்களை (பெட்டிபோல முழுதாகச் செய்த அறைகளை) அருகருகே இறக்கியாகிவிட்டது. கிரேன் கொக்கி கழன்றதுதான் தாமதம், ஒரு பையன், பிளவை அடைக்கும் பசையான சீலண்டைப் பீய்ச்சும் துப்பாக்கியோடு ஏணியில் ஏறிவிட்டான். "தம்பி, இறங்கு முதல்ல" என்று சத்தம் போட்டேன். முறைத்துக்கொண்டே இறங்கினான். பல வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் ஏறினேன். இறங்கச் சொல்ல அன்று ஆளில்லை.

தூசியைத் துடை, ஈரத்தில் ஒட்டாதே, காலாவதித் தேதியைப் பார் என்பதெல்லாம் டியூபிலேயே அச்சடித்திருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

மட்டம் சரியாகும் முன்பே கூரையை அடைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். இறக்கி வைத்த மாட்யூல் அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் அது அப்போதுதான் உட்காரத் தொடங்குகிறது. கீழே ரசமட்டம் பார்க்க வேண்டும், மட்டத்துக்காக அடியில் செருகும் மெல்லிய ஷிம் தகடு வைக்க வேண்டும், மூலைகளை ஜாக்கியால் ஏற்றி இறக்க வேண்டும், போல்ட்களை முடுக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் மேலே இரண்டு கூரைக்கும் நடுவே உள்ள பிளவை அசைக்கும்.

எவ்வளவு அசைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் அகலம், ஏறத்தாழ அதே உயரம் உள்ள ஒரு மாட்யூல். இணைப்புப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று அந்தப் பக்கத்தை மட்டும் 6 மி.மீ. தூக்குகிறீர்கள். மாட்யூல் வெளிப்புறமாகச் சாய்கிறது. அதனால் கூரை மட்டத்தில் பிளவு ஏறத்தாழ 6 மி.மீ. அகலமாகிறது. அதோடு அந்தக் கூரையின் விளிம்பு முன்பிருந்த இடத்தைவிட 6 மி.மீ. மேலே போய்விடுகிறது. இப்போது சீலண்டைப் பாருங்கள். டியூபில் 25 வகை என்று போட்டிருந்தால், பிளவின் அகலத்தில் 25 விழுக்காடுவரை விரிந்தும் சுருங்கியும் தாங்கும் என்று பொருள். 10 மி.மீ. பிளவில் அது இரண்டரை மி.மீ. மட்டுமே. நாம் கேட்பதோ 6. அதுவும் முழுதாகக் காயாத நிலையில்.

என் கதையும் இதேதான். மாலை நேரம், மேகம் திரண்டுகொண்டிருந்தது. மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று கூரையின் முழு நீளத்துக்கும் சிலிக்கான் அடித்து, மேலே மூடித் தகட்டையும் முடுக்கிவிட்டோம். ரொம்பப் பெருமையாக இருந்தது. மறுநாள் காலை, இணைப்பை ஒட்டி இருந்த கதவு மூடவில்லை. கீழே இரண்டு ஜாக்கி போட்டுத் தூக்கினோம், கதவு சரியாகிவிட்டது. கூரைக்கு ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் என்ன தெரிந்திருக்கும்? கிழிந்த இடத்தைத்தான் தகடு மூடியிருந்ததே.

முதல் சில மழைக்கு ஒன்றும் ஆகவில்லை. பல மாதம் கழித்து, கோடியில் இருந்த ஒரு விளக்கைச் சுற்றிப் பழுப்புக் கறை. விளக்குக்கு நேர் மேலே கூரையைத் துருவினோம், ஒட்டினோம், மறுபடியும் ஒட்டினோம். கறை பெரிதானதுதான் மிச்சம். கடைசியில் மூடித் தகட்டை மொத்தமாகக் கழற்றியபோதுதான் தெரிந்தது: விளக்கிலிருந்து ஏழு மீட்டர் தள்ளி, சிலிக்கான் ஒரு பக்கத் தகரத்தை விட்டு நூல் பிடித்தாற்போல நீளமாக விலகியிருந்தது. அங்கே இறங்கிய தண்ணீர் இரண்டு மாட்யூலுக்கும் நடுவே உள்ள விட்டத்தின் மேல் ஓடி, வாட்டம் முடிந்த இடத்தில் சொட்டியிருக்கிறது. வெப்பக் காப்புப் பஞ்சு, உள்கூரைப் பலகை, கொஞ்சம் வயரிங் எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. அதைவிடக் கொடுமை, பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுத்தது. அது துளி மிச்சமிருந்தாலும் மேலே பாலியூரித்தேன் சீலண்ட் ஒட்டாது, பெயின்டும் நிற்காது.

இப்போது நான் வைத்திருக்கும் வரிசை: இறக்குவது, மட்டம் பார்ப்பது, ஷிம், கீழ் போல்ட், மேல் போல்ட். அப்புறம் ஓர் இரவு சும்மா விடுவேன். மறுநாள் மறுபடி மட்டம் பார்ப்பேன். எல்லாக் கதவையும் திறந்து மூடுவேன். அதன் பிறகுதான் சீலண்ட். இடையில் மழை வந்தால் தார்ப்பாய் போதும். அதையும் தட்டையாக விரிக்காமல், இணைப்பின் மேல் நீளவாக்கில் மரக்கட்டை வைத்து அதன்மேல் போட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் நடுவில் தேங்கித் தொட்டியாகிவிடும்.

இன்னொன்று. பிற்பாடு எப்போதாவது அடித்தளம் இறங்கி யாராவது ஜாக்கி போட்டால், அன்றே மூடித் தகட்டைத் திறந்து பார்த்தாக வேண்டும். இதை நான் தகட்டின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதி வைப்பதுண்டு. அது உள்ளே இருப்பதால் யாரும் படிப்பதில்லை என்று நண்பர் ஒருவர் சிரித்தார். சரிதான். இப்போது மின்பெட்டிக் கதவிலும் எழுதுகிறேன்.

பிளவை அடிவரை நிரப்பிவிடுவது

நிறைய ஊற்றினால் நிறையத் தாங்கும் என்ற எண்ணம். சீலண்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும். அடியில் ஒட்டக் கூடாது. மூன்று பக்கமும் ஒட்டிக்கொண்டால் அதால் இழுபட முடியாது. ரப்பர் வளையத்தை முழுநீளத்துக்கும் மேசையில் பசை போட்டு ஒட்டிவிட்டு இழுத்துப் பாருங்கள், புரியும். அதனால் முதலில் பிளவுக்குள் ஃபோம் கயிற்றை அழுத்த வேண்டும். கயிறு பிளவைவிடக் கால்பங்கு தடிமனாக இருந்தால்தான் இறுகி நிற்கும். அதற்கு மேல் வரும் சீலண்டின் ஆழம், அகலத்தில் பாதி இருந்தால் போதும். கயிற்றை அழுத்த ஸ்க்ரூடிரைவரின் கூர்முனையைப் பயன்படுத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஃபோமில் ஓட்டை விழுந்தால் உள்ளிருக்கும் காற்று வெளிவந்து சீலண்டில் குமிழ் போடும்.

மூடித் தகட்டை இரண்டு பக்கமும் முடுக்குவது

தண்ணீரைத் தடுக்கும் முதல் ஆள் தகடுதான், சீலண்ட் இரண்டாவது. இரண்டு கூரை விளிம்பும் மேல்நோக்கி மடங்கி நிற்க, அதன்மேல் தகடு தொப்பிபோல் கவிழ வேண்டும். அந்தத் தொப்பியை இரண்டு பக்கமும் ஸ்க்ரூவால் இறுக்கினால், இரண்டு மாட்யூலின் அசைவையும் ஸ்க்ரூ துளைகள்தான் வாங்கிக்கொள்ளும். துளை நீளும், வாஷர் கிழியும். ஒரு பக்கம் முடுக்குங்கள். மறுபக்கம் ஒரு கொக்கித் தகட்டைப் பொருத்தி, தொப்பியின் விளிம்பை அதில் மாட்டி விடுங்கள். காற்று தூக்காது, வழுக்கவும் இடம் இருக்கும்.

நீளவாக்கிலும் இதே கதைதான். வெப்பநிலை 40 டிகிரி மாறினால் 12 மீட்டர் எஃகு ஏறத்தாழ 6 மி.மீ. நீளும், அலுமினியம் 11 மி.மீ. எஃகுக் கூரையின் மேல் அலுமினியத் தொப்பியை ஒரே துண்டாக இறுக்கினால் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. துண்டுகளாகப் போட்டு, மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் ஏறும்படி வாட்டத்தின் திசையில் அடுக்குங்கள்.

உச்சி வெயிலில் சீலண்ட் அடிப்பது

அப்போது தகரம் முழுதாக விரிந்து, பிளவு மிகக் குறுகலாக இருக்கும். இரவில் பிளவு விரியும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் காயாத சீலண்டை இழுக்கும். வெயில் தாழ்ந்ததும் ஏறுங்கள்.

வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான்

குளியலறைக் கண்ணாடிக்குச் சரி. துத்தநாகப் பூச்சுள்ள தகரத்துக்கு வேண்டாம். அது காயும்போது வெளிவரும் அமிலம் பூச்சை அரிக்கும். நியூட்ரல் வகை வாங்குங்கள்.

ப்யூட்டைல் டேப்பை வெயில் படும்படி விடுவது

அது பிசுபிசுப்பான ரப்பர் பட்டை. இரண்டு தகட்டுக்கு நடுவே நசுங்கி இருப்பதுதான் அதன் வேலை.

கிரேன் வளையம் கழற்றிய துளைகள்

அடைக்க மறந்துவிடுவீர்கள். நானும் மறந்தேன்.

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தேடுவது

ஏழு மீட்டர் கதையை மேலேயே சொல்லிவிட்டேன். தேடும் முறை மட்டும் பாக்கி. ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்கட்டும். இன்னொருவர் குழாயோடு கூரையின் தாழ்ந்த முனையிலிருந்து தொடங்கி, ஒரு மீட்டர் நீளத்துக்குப் பத்து நிமிடமாவது தண்ணீர் விட்டு, மெல்ல மேலே நகரட்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து, எதுவும் புரியாமல் போகும். பொறுமை இல்லாதவரைக் குழாய் பிடிக்க விடாதீர்கள்.

உள்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவது

மழையே இல்லாத குளிர்ந்த விடியற்காலையில் இணைப்பிலிருந்து சொட்டுகிறது என்று ஒருமுறை என்னைக் கூப்பிட்டார்கள். கூரையில் ஒரு குறையும் இல்லை. உள்ளே இருந்த வெதுவெதுப்பான ஈரக் காற்று, இரண்டு மாட்யூலுக்கும் நடுவே உள்ள சந்து வழியாக ஏறி, குளிர்ந்த தகட்டின் அடியில் வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன் வந்தவர் மேலே மூன்று டியூப் சிலிக்கான் பூசிவிட்டுப் போயிருந்தார். நான் உள்கூரையின் இணைப்புப் பட்டையைக் கழற்றி, சந்தில் காப்புப் பஞ்சைத் திணித்து, அதன் அடியில் காற்றுப் புகாத டேப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விடாமல் ஒட்டினேன். சொட்டு நின்றது. மேலே பூசியிருந்த மூன்று டியூபை அப்படியே விட்டுவிட்டேன்; அதைச் சுரண்ட எனக்குத் தெம்பில்லை.